விண்ணில் ஒரு கண், மண்ணில் ஒரு கண்

காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் நந்தனம் சந்திப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கல்லூரிக்குப் போகும் வழியில் நான் நாள்தோறும் அங்கே நிற்கிறேன். பேருந்து, லாரி, ஆட்டோ, இரு சக்கர வண்டி எல்லாம் சிவப்பு விளக்கின் முன் உறுமிக்கொண்டு நிற்கும். புகை நெடி மூக்கில் ஏறும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். விளக்கு பச்சையானதும் மறந்துவிடுவோம்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், இந்தக் காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று 800 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் சொல்கிறதாமே! அதனால் நுகர்ந்து பார்க்க முடியாது. குப்பியில் பிடித்துப் பார்க்கவும் முடியாது. பிறகு எப்படிச் சொல்கிறது? அப்படியே சொன்னாலும் அதை எப்படி நம்புவது?"

இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் கடினமானது. விஞ்ஞானிகளையே தடுமாற வைத்த கேள்வி அது. இரண்டையும் பார்ப்போம், வாருங்கள்.

அரிசிச் சாக்கில் இரண்டு மணி

உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். இம்மூன்றையும் சேர்த்தால் 99.96 சதவீதம் ஆகிவிடுகிறது. எஞ்சிய 0.04 சதவீதத்துக்குள் கரியமில வாயு, மீத்தேன், ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு என்று ஒரு கூட்டமே அடங்கியிருக்கிறது. இவற்றை நுண்ணளவு வாயுக்கள் என்கிறோம்.

நுண்ணளவு என்றால் எவ்வளவு? ஓர் அரிசி மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ அரிசியில் 10 லட்சம் மணிகள் இருக்கும். காற்றை இந்த அரிசிச் சாக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கரியமில வாயு ஏறத்தாழ 420 மணிகள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை. மீத்தேன் சுமாராக இரண்டே மணிகள்! நாட்டின் கோடையையும் மழையையும் மாற்றும் வல்லமை இந்தச் சில மணிகளுக்கு உண்டு. சாக்கைத் திறக்காமலே அந்த இரண்டு மணிகளை எண்ண வேண்டும் என்பதுதான் நம் முன் உள்ள சவால்.

ஒளி கொண்டுவரும் சேதி

அம்மா அடுப்பில் உலை வைத்திருக்கிறார். உப்புப் போட்ட நீர் பொங்கி வழிந்து அடுப்பில் விழுகிறது. அதுவரை நீலமாக எரிந்த சுடர் சட்டென மஞ்சளாகிறது. உப்பிலுள்ள சோடியம் அந்த மஞ்சளை உமிழ்கிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் சேர்மத்துக்கும் இப்படிச் சொந்தமான நிறங்கள், அதாவது சொந்தமான அலைநீளங்கள் உண்டு. சூடாக இருக்கும்போது அவற்றை உமிழும். குளிர்ந்திருக்கும்போது, தன்னூடே செல்லும் ஒளியிலிருந்து அதே அலைநீளங்களை உண்டுவிடும். அங்கெல்லாம் நிறமாலையில் கருங்கோடுகள் விழும். கைரேகையைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, கோடுகளைப் பார்த்து வாயுவைச் சொல்லிவிடலாம்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. நந்தனத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடத்தில், 1792 முதல் சென்னை வானாய்வுக்கூடம் இயங்கி வந்தது. அதன் வானியலாளர் நார்மன் போக்சன் 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காண மசூலிப்பட்டினம் சென்றார். அதே நாளில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் குண்டூரில் காத்திருந்தார். சூரிய விளிம்பின் நிறமாலையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்தின் கோடுதான் என்று பலரும் முதலில் எண்ணினர். சோடியக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ளன. புதிய கோடோ 587.6 நானோமீட்டர். வித்தியாசம் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவு! அது சோடியம் அன்று, பூமியில் அதுவரை காணாத ஹீலியம் என்பது பிறகே புலனாயிற்று. 1895இல்தான் ராம்சே அதைப் பூமியிலும் கண்டார்.

15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வாயுவை ஒளி காட்டிக்கொடுத்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தது: அடுத்தடுத்த கோடுகளைப் பிரித்தறியத் தெரியாவிட்டால் ஆள் மாறிப்போகும். இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கொடைக்கானலில் ஒரு கருவி

எந்த வாயு என்று தெரிந்தால் போதாது. எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கதை.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கு 100 ரூபாயுடன் மெரினா கடற்கரைக்குப் போகிறார்கள். பேருந்துக் கட்டணமும் தண்ணீர்ச் செலவும் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தம்பிக்கு ஒரு பலவீனம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்பவர் யாரைக் கண்டாலும் 20 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்காமல் நகரமாட்டான். வீடு திரும்பியதும் இருவர் பையிலும் மீதமுள்ள பணத்தை எண்ணுகிறோம். அண்ணனிடம் 60 ரூபாய், தம்பியிடம் 20 ரூபாய். கடற்கரையைப் பார்க்காமலே தம்பி எத்தனை சுண்டல்காரரைச் சந்தித்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாப்சன் வடிவமைத்த கருவி இதைத்தான் செய்கிறது. 305.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் தம்பி. ஓசோன் அதை நன்றாக உண்ணும். 325.4 நானோமீட்டர் அண்ணன். ஓசோன் அதை அதிகம் தொடுவதில்லை. காற்று மூலக்கூறுகளும் தூசியும் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவு சிதறடிக்கின்றன. இதுதான் பேருந்துக் கட்டணம். தரைக்கு வந்து சேரும் இரண்டின் செறிவையும் ஒப்பிட்டால் வழியில் இருந்த ஓசோனின் அளவு கிடைக்கிறது. ரூபாய்க் கணக்கில் கழித்தோம்; ஒளிக் கணக்கில் விகிதம் பார்க்கிறோம். அவ்வளவுதான் வேறுபாடு. சூரியன் சாய்ந்திருந்தால் ஒளி அதிகத் தொலைவு கடந்துவரும். சாய்வுக் கோணத்தைக் கொண்டு அதையும் திருத்திவிடலாம்.

உலகின் வெவ்வேறு பகுதிகளில் ஓசோன் எப்படி மாறுகிறது என்று அறிய டாப்சன் விரும்பினார். 1928 வாக்கில் அவருடைய கருவிகள் எகிப்து, கலிஃபோர்னியா, நியூசிலாந்து ஆகிய இடங்களுக்குப் போயின. இன்னொன்று எங்கே வந்தது தெரியுமா? நம் கொடைக்கானலுக்கு! 1899 முதல் அங்கே இயங்கிவந்த வானாய்வுக்கூடம் 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தெளிந்த காற்றில், நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே அமைந்திருந்தது. அந்நாளைய கருவி நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தது. தகடுகள் கடல் கடந்து ஆக்ஸ்போர்டுக்குச் சென்றன. அங்கேதான் அவற்றை அளந்தனர். தலைக்கு மேலுள்ள ஓசோன் எவ்வளவு என்று அறியக் கப்பலை நம்பியிருந்த காலம் அது!

ஓசோன் எவ்வளவு? தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் சுழி வெப்பநிலைக்கும் கொண்டுவந்து விரித்தால், உலகச் சராசரி சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம் என்று சொல்லலாம். காற்று முழுவதையும் இப்படி அடக்கினால் சுமார் 8 கிலோமீட்டர் வரும். அந்த எட்டுக் கிலோமீட்டரில் இந்த மூன்று மில்லிமீட்டர்தான் புறஊதாக் கதிரிலிருந்து நம் தோலையும் கண்ணையும் காக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒரு டாப்சன் அலகு என்பர். 3 மில்லிமீட்டர் என்றால் 300 அலகு.

இந்தியாவில் இப்பணியை வளர்த்தவர்களில் அன்னா மணியை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். பின்னர் வானிலைத் துறையில் சேர்ந்து, பலூனில் ஏறிச் சென்று ஓசோனை அளக்கும் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கினார்.

மேலே போன கண்

தரையில் நின்று மேலே பார்க்கும் கருவி ஓர் ஊரை மட்டுமே அறியும். கடல்களையும் பாலைவனங்களையும் யார் பார்ப்பது? கருவியை மேலே அனுப்பிக் கீழே பார்க்கச் சொன்னால் என்ன?

தத்துவம் மாறவில்லை. சூரிய ஒளி காற்றினூடே இறங்குகிறது. தரையிலோ காற்றிலோ பட்டுச் சிதறி மீண்டும் மேலேறிச் செயற்கைக்கோளை அடைகிறது. போகும்போதும் வரும்போதும் வாயுக்கள் தமக்குரிய அலைநீளங்களை உண்கின்றன. ஓசோனுக்குப் புறஊதா, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு நீல ஒளி, மீத்தேனுக்கு 1.65, 2.3 மைக்ரோமீட்டர் அருகிலுள்ள அகச்சிவப்பு. பூமியே உமிழும் வெப்பக் கதிரைப் பயன்படுத்தினால் இரவிலும் அளக்கலாம். 2013இல் ஏவப்பட்ட நமது இன்சாட்-3டி செயற்கைக்கோளில் இருந்த கருவி அவ்வழியில்தான் ஓசோனை அளந்தது.

ஆனால் வழியில் பல கள்ளர்கள். மேகம் மறைக்கும். தரை ஓரிடத்தில் பளிச்சென்றும் மற்றோரிடத்தில் கறுத்தும் இருக்கும். காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தையே சிறிது மாற்றிவிடும். அதுதான் இராமன் விளைவு! நைட்ரஜன் டை ஆக்சைடு கணக்கில் அதற்கென்று ஒரு திருத்தம் செய்யாவிட்டால் விடை பிசகிவிடும். இனி, மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

அழிக்கப்பட்ட ஓர் எண்

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது, செய்முறை வகுப்பில் பத்து அளவீடுகள் எடுத்தேன். ஒன்பது அழகாக ஒரே நேர்கோட்டில் விழுந்தன. பத்தாவது மட்டும் விலகி நின்றது. மதிப்பெண் போய்விடுமே என்று ரப்பரால் அழித்து, கோட்டில் பொருந்தும்படி ஓர் எண்ணை எழுதினேன். ஆசிரியர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பத்தாவது எண் எனக்கு என்ன சொல்ல வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1978 அக்டோபரில் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஓசோனை அளக்கும் கருவியுடன் மேலே சென்றது. 180 அலகுக்குக் குறைவாக ஓசோன் இருக்க முடியாது என்பது அன்றைய அனுபவம். ஆகவே அதற்குக் கீழே வரும் எண்களைப் பிழையாக இருக்கலாம் என்று கணிப்பொறி குறியிட்டு ஒதுக்கி வைத்தது. 1980களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவின் மேல் அக்டோபர் மாதங்களில் இப்படிக் குறியிடப்பட்ட எண்கள் குவியத் தொடங்கின. விஞ்ஞானிகள் கவனித்தனர், தென்துருவத் தரை நிலையத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டனர். அதுவோ வழக்கமான எண்ணைக் காட்டியது. அந்தத் தரை எண்தான் பிழையானது என்பது பின்னரே தெரிந்தது. தயக்கத்தில் காலம் கடந்தது.

இதற்கிடையில், அதே அண்டார்டிகாவில் ஹாலி விரிகுடாவில், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950களிலிருந்து ஒரு டாப்சன் கருவியால் ஆண்டுதோறும் அளந்துவந்தனர். 300 அலகு அளவில் இருந்த அக்டோபர் ஓசோன், 1984இல் 200 அலகு அளவுக்குச் சரிந்திருந்தது. கருவி பழுதோ என்று ஐயப்பட்டு, வேறொரு கருவியைக் கொண்டும் அளந்தனர். எண் மாறவில்லை. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதம் அதை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், நாசாவின் பார்த்தியா செயற்கைக்கோள் அளவீடுகளைப் பிராகில் நடந்த கூட்டத்தில் வெளியிட்டார். கண்டம் முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரிய ஓசோன் ஓட்டை அதில் தெரிந்தது.

தரைக் கருவி இல்லையேல் ஐயம் தீர்ந்திருக்காது. செயற்கைக்கோள் இல்லையேல் ஓட்டையின் பரப்பு தெரிந்திருக்காது.

கதை இதோடு முடியவில்லை. நிம்பஸ் கருவியில் சூரிய ஒளியை வாங்கி அளக்க உதவிய தகடு ஒன்று ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கியது. அதனால் உலகெங்கும் ஓசோன் உண்மையைவிட வேகமாகக் குறைவது போலக் காட்டியது. தரையிலிருந்த டாப்சன் கருவிகளோடு ஒப்பிட்டே அந்தப் பிழையைத் திருத்தினர். ஒரு முறை, தரை எண்ணை நம்பி விண்ணின் உண்மையை ஐயப்பட்டார்கள். மறுமுறை, விண்ணின் பிழையைத் தரை திருத்தியது. இரண்டில் எதுவும் கடவுள் வாக்கு அன்று. இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும்போதே உண்மை வெளிவருகிறது.

அந்த உண்மையால் விளைந்த பயன் பெரிது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அண்டார்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்பது கணிப்பு. அப்போது உங்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்!

செவ்வாயில் ஒரு பாடம்

2013 நவம்பர் 5 அன்று சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. திட்டத்தை நடத்திச் சென்றவர்களில் மயில்சாமி அண்ணாதுரையும் சுப்பையா அருணனும் தமிழர்கள். 2014 செப்டம்பர் 24 அன்று முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்து உலகை வியக்க வைத்தனர். அதில் மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் மீத்தேன் உணர் கருவி ஒன்று இருந்தது. மீத்தேனை உயிரினங்களும் உண்டாக்கும், பாறை வினைகளும் உண்டாக்கும். எனவேதான் அதைத் தேடும் ஆவல்.

கருவி இயங்கியது. ஆனால் மீத்தேன் கோடுகள் விழும் அலைநீளங்களில் வந்த ஒளியையெல்லாம் சேர்த்தே அது அளந்தது. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அருகருகே விழும் கோடுகளில் எது மீத்தேனுடையது, எது கரியமில வாயுவினுடையது என்று பிரிக்க இயலவில்லை. 1868இன் மஞ்சள் கோடு நினைவுக்கு வருகிறதா? பின்னர் அக்கருவியின் தரவுகளைக் கொண்டு செவ்வாயின் தரை எங்கெங்கே எவ்வளவு ஒளியைப் பிரதிபலிக்கிறது என்று வரைபடம் தயாரித்தனர். ஆறு மாதத்துக்கென அனுப்பிய விண்கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், 2022 வரை, தொடர்பில் இருந்தது.

இன்னொரு புதிரும் உண்டு. செவ்வாயின் தரையில் ஊரும் கியூரியாசிட்டி ஊர்தி, 100 கோடியில் 0.4 பங்கு அளவில் மீத்தேன் இருப்பதாகக் காட்டியது. ஐரோப்பிய, ரஷ்ய விஞ்ஞானிகள் அனுப்பிய விண்கலம் மேலிருந்து மிக நுட்பமாகத் தேடியும், 2019இல் வெளியான முடிவின்படி, 0.05 பங்குகூடக் காணவில்லை. தரை ஒன்று சொல்கிறது, விண் ஒன்று சொல்கிறது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்கப்போவது உங்களில் ஒருவராக இருக்கக் கூடாதா?

நம் நந்தனத்துக்கு மேல்

2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி நாள்தோறும் பகல் 1.30 மணி வாக்கில் நம்மைக் கடந்து போகிறது. 2020இல் ஊரடங்கின்போது டெல்லி, மும்பை நகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு முந்திய ஆண்டைவிட 40 முதல் 50 சதவீதம் குறைந்ததைக் கண்டது அதுதான்.

அதன் பார்வையில் ஒரு கட்டம் 5.5 கிலோமீட்டர் நீளம், 3.5 கிலோமீட்டர் அகலம். பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், சென்னை முழுவதும் 22 கட்டங்கள்தான்! நந்தனம் சந்திப்பின் புகையும், அடையாறு ஆற்றோரத்துக் காற்றும், தியாகராய நகரின் கடைத்தெருவும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகக் கலந்துவிடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேகத்தின் முதுகுதான் அதற்குத் தெரியும். காலை ஒன்பது மணி நெரிசலை அது பார்ப்பதே இல்லை.

ஆகவேதான் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் தரையில் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். மீத்தேனுக்கும் இது பொருந்தும். குப்பை மேடுகளும் சதுப்பு நிலங்களும் தஞ்சை நெல்வயல்களும் மீத்தேனை வெளியிடுகின்றன. எங்கே எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தால்தான் எதைக் குறைப்பது என்று முடிவு செய்யலாம். தவறான எண்ணை நம்பினால், குற்றவாளி தப்பிவிடுவான். ஏழை விவசாயி பழி சுமப்பான்.

நீங்களும் பார்க்கலாம்

வீட்டில் பழைய குறுந்தகடு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் பழைய வகைக் குழல் விளக்கின் ஒளியை அதில் சாய்வாக விழச் செய்து பாருங்கள். நிறங்களுக்கிடையே பாதரசத்தின் பச்சை தனியே பளிச்சிடும். அடுத்து எல்.இ.டி. விளக்கைப் பாருங்கள், நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து தொடர்ச்சியாகத் தெரியும். சூரியனை மட்டும் நேராகவோ தகட்டின் வழியாகவோ பார்க்காதீர்கள், கண் போய்விடும். கண்டதை நோட்டில் வரைந்து தேதி போட்டு வையுங்கள்.

மற்ற எண்களோடு ஒட்டாமல் ஓர் எண் வந்தால், ரப்பரை எடுக்காதீர்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். மறுநாள் வேறொரு கருவியால் அளந்து பாருங்கள். அது உங்கள் பிழையாக இருக்கலாம். கருவியின் பிழையாகவும் இருக்கலாம். அண்டார்டிகாவின் மேல் ஓர் ஓட்டை திறந்திருப்பதாகவும் இருக்கலாம்!